சாப்பிட்டுவிட்டு ஜீப்பைப் பேசலாம்

அத்தை நாற்காலி வாங்கப் போனால் கடைக்காரரைத்தான் முதலில் அதில் உட்காரச் சொல்வார். கடைக்காரர் உட்கார்ந்து, சிரித்து, எழுந்துவிடப் பார்ப்பார். "இன்னுங் கொஞ்ச நேரம் இருங்க. ஒண்ணும் அவசரமில்லீங்களே," என்பார் அத்தை. பிறகு மழை, தேங்காய் விலை என்று ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவார். பேச்சுக்கு நடுவில் கடைக்காரர் நெளிந்தால் அந்த நாற்காலி வேண்டாம் என்று அர்த்தம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு முதலாளி இப்படித் தன் கடையின் எல்லா நாற்காலிகளிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பக்கத்துக் கடையிலயும் ஒருக்காப் பாத்துருங்கம்மா," என்று அவரே அனுப்பிவைத்தார்.

பலாப்பழம் விற்பவர் ஒரு சுளை தின்ன வேண்டும். செருப்பு விற்பவர் அதைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போய்வர வேண்டும். இருமல் மருந்தைக்கூடக் கடைக்காரரையே குடித்துக் காட்டச் சொன்னதாக என் அப்பா சொல்வார். அதை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. தொண்டாமுத்தூருக்கு அப்பால், மலை அடிவாரத்தில் மாமாவின் தோட்டம் இருந்தது. மாமா போன பிறகு அத்தை அங்கேயே தனியாக இருந்தார். தென்னை, கொஞ்சம் வாழை, இரண்டு மாடு. யானைகள் வந்து வாழையை முறித்துவிட்டுப் போனால், "நேத்து மூணு பேரு வந்திருந்தாங்க," என்பார், ஏதோ சொந்தக்காரர்கள் வந்து போனது போல. தார்ரோட்டிலிருந்து தோட்டத்துக்குப் போக ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். ஓடையைத்தான் எங்கள் பக்கம் பள்ளம் என்போம். மற்ற மாதங்களில் மணலும் உருண்டைக்கல்லுமாகக் கிடக்கும். மழைக்காலத்தில் தண்ணீர் வந்துவிடும். தேங்காய் ஏற்ற வரும் டெம்போ வெயில் காலத்திலேயே முனகிக்கொண்டுதான் தாண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த வருடம், மழையில் பள்ளம் நிறைந்து ஓடியபோது அத்தைக்குக் காய்ச்சல் வந்தது. நாலைந்து நாள் ஒருவரும் அந்தப் பக்கம் போக முடியவில்லை. காய்ச்சல் தானாகவே போய்விட்டது. பெரியப்பாவின் பயம் போகவில்லை.

பெரியப்பா, என் அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர், ஜவுளிக்கடை வைத்திருந்தார். தோட்டம் மாமா பேரிலிருந்து அத்தை பேருக்கு வந்ததுதான். இருந்தாலும் பெரியப்பா சொல்லை மீறி எங்கள் வீட்டில் யாரும் ஒரு கன்றுக்குட்டி கூட வாங்கியதில்லை. "வித்துப்போட்டு எங்ககூட வந்து இருந்துக்க. பார்ட்டி கூடப் பாத்துட்டேன்," என்றார்.

"பள்ளந்தானுங்ணா தொந்தரவு? பள்ளத்துல வண்டி வந்துட்டா?" என்று கேட்டார் அத்தை.

பெரியப்பா சிரித்தார். "தண்ணி போறப்ப ஒரு வண்டி என்னையக் கொண்டாந்து உன்ற ஊட்டு வாசல்ல எறக்கட்டும். அப்பறம் விக்கற பேச்சே நா எடுக்க மாட்டேன்."

அத்தையிடம் விளையாட்டாகப் பேசக்கூடாது என்பது பெரியப்பாவுக்கும் தெரியும். தங்கைதானே என்று மறந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து, பழைய ஜீப் ஒன்று வாங்கப் போவதாகவும் நான்தான் ஓட்ட வேண்டும் என்றும் சொன்னார். நான் அப்போது ஒரு பேங்கில் வேலையில் இருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் லைசென்ஸ் எடுத்திருந்தேனே தவிர, வண்டி ஓட்டக் கிடைத்ததில்லை. அண்ணன் ஓட்டட்டுமே என்றேன்.

"ஆம்பளைங்க வேண்டாம் அம்மணி. அவுங்க ஓட்டுனா அவுங்க தெறமைதான் தெரியும். நீ ஓட்டுனா வண்டியோட தெறமை தெரியும்," என்றார் அத்தை. இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

புது வண்டி வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பழையதாக இருந்தால் படவேண்டியதெல்லாம் பட்டு முடித்திருக்கும், இனிப் புதிதாக நம்மை ஏமாற்ற ஒன்றும் பாக்கியிருக்காது என்பது அவர் கணக்கு. நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், பின்னால் தேங்காய் ஏற்ற இடம் வேண்டும், சேலை கட்டிக்கொண்டு ஏற முடிய வேண்டும். அவ்வளவுதான் கேட்டார்.

ஜீப்பைப் பார்க்கும் முறையையும் அவரே வைத்திருந்தார். பள்ளத்தில் தண்ணீர் வடிந்த பிறகு, விற்பவரை வண்டியோடு தோட்டத்துக்கு வரச் சொல்வார். பள்ளத்தின் கரையில் விற்பவர் இறங்கி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏற வேண்டும். அத்தை அவருக்கு எதிர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். "முன்னால உக்காந்தா ரோடுதான் தெரியும். பின்னால உக்காந்தாத்தான் வண்டி தெரியும்," என்பார். நான் கல்லிலும் மணலிலும் ஏற்றி இறக்குவேன். விற்பவரும் அத்தையும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி வருவார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும் அத்தை விலை பேச மாட்டார்.

"வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு அப்பறம் ஜீப்பைப் பேசலாம்."

கொங்கு நாட்டில் இந்த அழைப்பை மறுத்துவிட்டு ஒருவர் எழுந்து போவது எளிதல்ல. இலை போட்டாகிவிட்டது என்றால் நடக்கவே நடக்காது. அத்தையின் உண்மையான பரிசோதனை பள்ளத்தில் இல்லை, இலையில்தான் இருந்தது. "ஒருத்தர் ஊட்டுல கை நனைச்சவங்களுக்கு அவுங்கள ஏமாத்த மனசு வராது அம்மணி," என்பார்.

முதலில் வந்தவர் பொள்ளாச்சி ரோட்டில் கயிறு வியாபாரம் செய்பவர். இந்த மாதிரி ஜீப்பில் டிரைவர் பக்கத்தில் இரண்டு கியர் கம்பிகள் இருக்கும். சின்னதைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். தள்ளினேன். முன் சக்கரங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆட்கள் தள்ளித்தான் பள்ளத்தைத் தாண்டினோம். வண்டி கொஞ்ச நாள் ஓடாமல் நின்றிருந்ததால் அப்படி என்றார் அவர். சாம்பாருக்கும் அதையே சொன்னார். ரசம் ஊற்றியபோது கையை இலையில் வைத்தபடி, "அம்மா, முன் சக்கரத்துக்குப் போற ராடையே கழட்டி வித்துப்போட்டேனுங்க. வெறுங் கம்பிதானுங்க இருக்குது," என்றார்.

"பரவாயில்லீங்க. மோர் ஊத்திக்குங்க," என்றார் அத்தை.

இரண்டாமவர் வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் மேலாளராக இருந்தவர். பாயசம் வரைக்கும் தாங்கினார். பிறகு, வண்டியின் சேசிஸ் நடுவில் ஒடிந்து ஒட்டவைத்தது என்றார். சொன்ன பிறகு இன்னொரு தம்ளர் பாயசம் வாங்கிக் குடித்தார், மனது லேசாகியிருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒரு புரோக்கர் வந்தார். புதுப் பெயிண்ட் அடித்த ஜீப், பள்ளத்தை வெண்ணெய் போலத் தாண்டியது. எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் இலையைப் பார்த்ததும் அவர், "வயிறு செரியில்லீங்கம்மா," என்றார். தயிர் சோறாவது என்றார் அத்தை. அதுவும் வேண்டாம் என்றார். அத்தை கைகூப்பி அனுப்பிவிட்டார். நான் சண்டை பிடித்தேன். இரண்டு வாரம் கழித்து அந்த ஜீப் அவினாசி ரோட்டில் என்ஜின் இறுகிப்போய், வேறு யாரோ ஒருவருக்குச் சொந்தமாக நின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன். அத்தையிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவருதான் சாப்பிடலையே," என்றார்.

நாலாவதாக வந்தவர் கருமத்தம்பட்டிக்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று, ஊரில் நாலு விசைத்தறி போட்டிருந்தார். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப். நூல் மூட்டை ஏற்ற வைத்திருந்தார், இப்போது வேன் வாங்கிவிட்டதால் கொடுக்கிறார். பெயிண்ட் மங்கியிருந்தது, சீட்டு கிழிந்திருந்தது. பள்ளத்தில் இறக்கி, சின்னக் கம்பியைத் தள்ளினேன். நாலு சக்கரமும் கல்லைப் பிடித்து ஏறின. கரையில் ஏறியபோது பின்னாலிருந்து லேசாக ஒரு சத்தம் வந்தது போல இருந்தது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கிய அத்தையின் முகத்தைப் பார்த்தேன். இதுதான் என்று தெரிந்தது.

"வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு அப்பறம் ஜீப்பைப் பேசலாம்."

"வேண்டாமுங்க. எளநி இருந்தா ஒண்ணு குடுங்க, போதும்," என்றார் பட்டாளத்துக்காரர்.

இலை போட்டாச்சு என்றார் அத்தை. அவர் வாசலிலேயே நின்றார். வயிறு சரியில்லையா என்றார் அத்தை. வயிறு நன்றாக இருக்கிறது என்றார். அத்தை என் பக்கம் திரும்பி, வழக்கத்தை விடத் தாழ்ந்த குரலில், "வண்டியில என்னமோ இருக்குது அம்மணி," என்றார். தாழ்ந்த குரல்தான், ஆனால் அத்தையின் தாழ்ந்த குரல் பக்கத்துத் தோட்டம் வரை போகும்.

பட்டாளத்துக்காரர் கோபப்படவில்லை. ஜீப்பின் விவரங்களைச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"வண்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்கம்மா. எங்கப்பா இந்த மாதிரி ஒரு தோட்டத்துலதானுங்க பண்ணையத்து ஆளா வேலைக்கு இருந்தாரு. வாசல் கடைசியில உக்காந்துதான் சாப்பிட்டாரு. தண்ணி செரட்டையில ஊத்துவாங்க. அவரு கூடப் போயி நானும் குடிச்சிருக்கேன். பெரியவனானதும், தோட்டத்து ஊட்டுல கை நனைக்கறதில்லைன்னு முடிவு பண்ணிக்கிட்டேனுங்க. அவ்வளவுதான்."

உள்ளே இலை போட்டிருந்தது, தண்ணீர் தெளித்திருந்தது. இவர் யார் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த இலையை அத்தை எங்கே போட்டிருப்பார் என்று எனக்குத் தெரியாது. அத்தைக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். அவர் அவ்வளவு நேரம் சும்மா நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு போய் ஓர் இளநீர் வெட்டி வந்தார். பட்டாளத்துக்காரர் அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க ஞாயித்துக்கெழமை எங்க ஊட்டுக்கு வாங்கம்மா. ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு அப்பறம் ஜீப்பைப் பேசலாம்," என்றார்.

இதில்தான் சிக்கல். அத்தை சொந்தக்காரர்கள் வீட்டைத் தவிர வெளியே எங்கும் சாப்பிட்டதில்லை. எங்கே போனாலும் ஒரு தூக்குப்போசியில் கட்டுச்சோறும் ஒரு பாட்டிலில் தோட்டத்துத் தண்ணீரும் கூடவே வரும். திருப்பூரில் எங்கள் சித்தப்பா மகன் கல்யாணத்தில், ஓட்டல்காரர் சமையல் என்று தெரிந்ததும், மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் போசியைத் திறந்தவர். ஆனாலும், "ஆகட்டுங்க," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போனோம். போசி அத்தையின் மடியில் இருந்தது. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் மேஜை போட்டு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார்கள். மாதா படத்தைச் சுற்றி சீரியல் பல்பு எரிந்தது. பட்டாளத்துக்காரரின் மனைவி நாட்டுக்கோழிக் குழம்பு வைத்திருந்தார். அத்தை போசியை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஞாயிறு என்பதால் தறிகள் நின்றிருந்தன. அதனால் யாரும் பேசாதது நன்றாகக் கேட்டது. நான் சாப்பிட ஆரம்பித்துவிட்டேன். அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரில் பட்டாளத்துக்காரர் அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயிறு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடக்கூடாதே என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை தலையை நிமிர்த்தி அந்த அம்மாவைப் பார்த்தார்.

"என்னுங்க, சோறு இத்துனூண்டு வெச்சிருக்கீங்க?"

இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். குழம்பில் உப்பு ஒரு கல் குறைவு என்று சொன்னார். அந்த அம்மா உப்பு ஜாடியையே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். ரசம் வந்தபோது பட்டாளத்துக்காரர் கையை நிறுத்தினார்.

"ஒண்ணு சொல்லோணுமுங்க. பின் ஆக்சில்ல பல்லு தேஞ்சிருக்குது. ஏத்தத்துல பின்னால ஒரு சத்தம் வரும். ஓட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா சத்தம் வரும். அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

"தெரியுமுங்க. பின்னால நாந்தானே உக்காந்திருந்தேன்," என்றார் அத்தை. "நீங்க சொல்றீங்களான்னுதான் பாத்தேன்."

ஜீப்பை அன்றே எடுத்துக்கொண்டு வந்தோம். அத்தை வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்தார். போசியை அவர் வழியில் திறக்கவில்லை; கட்டுச்சோறு தோட்டத்து நாய்க்குப் போனது. "பெரியப்பங்கிட்டச் சொல்லாத. நானே சொல்லிக்கறேன்," என்றார்.

பிறகு கணபதியில் ஒரு பட்டறையில் ஜீப்பைக் கொஞ்சம் மாற்றினோம். பட்டறைக்காரர் ஆர்வமானவர். வண்டியை ஓரடி தூக்கி, டிராக்டர் மாதிரி டயர் போட்டு, முன்னால் இரும்புக் கம்பி வைத்துவிடலாம் என்றார். அத்தை தன் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஒரு தடவை ஏறி இறங்கிக் காட்டினார். அந்தக் கால் எட்டும் உயரத்துக்கு மேல் ஒரு விரல்கூடத் தூக்கக்கூடாது என்றார். அதனால் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மட்டும் கூட்டி, மணலில் பிடிக்கும்படி தடித்த கட்டைகள் உள்ள டயர் போட்டு, அடியில் கல் படாமல் ஒரு தகடு அடித்து, தண்ணீர் ஏறாமல் புகைக்குழாயை மேலே வளைத்துவிட்டார்கள். பட்டறைக்காரர் கடைசி வரை வருத்தத்தோடுதான் வேலை செய்தார்.

பட்டாளத்துக்காரர் வண்டியைப் பார்க்க ஒரு தடவை தோட்டத்துக்கு வந்தார். தகட்டைத் தட்டிப் பார்த்தார், புகைக்குழாயைப் பார்த்துச் சிரித்தார். அத்தை அவரைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. இளநீர் வெட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் அவர் எத்தனையோ தடவை வந்திருக்கிறார், இளநீரோடு நிறுத்திக்கொள்வார். அத்தை ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அத்தை வற்புறுத்தாமல் விட்டது அவர் ஒருவரைத்தான்.

ஐப்பசியில் மறுபடி மழை பிடித்தது. பள்ளத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வந்ததும் அத்தை ஆள் அனுப்பிப் பெரியப்பாவை வரச் சொன்னார். பெரியப்பா காரைத் தார்ரோட்டில் நிறுத்திவிட்டு, நானும் அத்தையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்த ஜீப்பின் முன் சீட்டில் குடையோடு ஏறப் போனார்.

"முன்னால வேண்டாமுங்ணா. பின்னால வாங்க," என்றார் அத்தை.

பெரியப்பா பின்னால் ஏறினார். நான் சின்னக் கம்பியைத் தள்ளிப் பள்ளத்தில் இறக்கினேன். தண்ணீர் சக்கரத்தை மறைத்தது, நடுவில் வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்கியது, அப்புறம் கரை ஏறிவிட்டோம். வாசலில் இறங்கிய பெரியப்பா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "செரி. செயிச்சுட்டே. இனி விக்கற பேச்சில்ல," என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது.

அத்தை இலை போட்டார். பெரியப்பா பருப்பில் நெய் விட்டுப் பிசைந்துகொண்டே, வண்டியை எங்கே பிடித்தாய் என்று சும்மா கேட்டார். ஏதாவது ஒரு புரோக்கர் பேரைச் சொல்லியிருந்தால் போதும். நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை.

கருமத்தம்பட்டி என்றார். யார் என்று சொன்னார். அவருடைய அப்பா எங்கே வேலை செய்தார், எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதையும் சொன்னார். "அவுங்க ஊட்டுக்குப் போயி சாப்பிட்டுப்போட்டுத்தானுங்ணா வாங்குனேன்."

பெரியப்பாவின் கை நின்றது. "நீ சாப்பிட்டயா?"

"ரெண்டு தடவ சோறு வாங்கிச் சாப்பிட்டேனுங்ணா."

பெரியப்பா இலையை மடிக்காமல் எழுந்தார். "வித்துப்போடு. வண்டியையும் வித்துப்போடு, தோட்டத்தையும் வித்துப்போடு," என்றார். கை கழுவிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். இறங்கியவர் அங்கேயே நின்றுவிட்டார். மழை விடவில்லை. பள்ளத்தைத் தாண்ட அந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு வண்டிதான் இருந்தது.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பின்னால் ஏறி உட்கார்ந்தார். அத்தையும் ஏறி எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் வண்டியை எடுத்தேன். அந்தக் கரையின் ஏற்றத்தில் சத்தம் வந்தது, இந்தத் தடவை எனக்கே நன்றாகக் கேட்டது.

"பின்னால என்னமோ சத்தம் வருது," என்றார் பெரியப்பா.

"ஆமாங்ணா. அவுங்க சொல்லித்தான் குடுத்தாங்க."

பெரியப்பா காருக்குப் பக்கத்தில் இறங்கி, குடையை விரித்து, என்னிடம் வந்தார். "உங்கத்தகிட்டச் சொல்லு. நா குடுத்த வார்த்தை குடுத்ததுதான், தோட்டத்த அவளே வெச்சுக்கட்டும். சோறு திங்க மட்டும் இனி நா வரமாட்டேன்." அத்தை இரண்டடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கார் திரும்பிப் போகும் வரை அத்தை அசையவில்லை. கண்ணை முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். எனக்குப் பெரியப்பா மேல் கோபமாக வந்தது, அத்தையை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, இரண்டையும் சொல்லத் தெரியாமல் வண்டியைத் திருப்பினேன். அத்தை, "இரு அம்மணி," என்றார். பின்னாலிருந்து இறங்கி, கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, அந்த ஜீப்பில் முதல் தடவையாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"போலாம்," என்றார்.